கழுத்தின் மேல் பழி

எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பவர்களிடையே ஒரு மூடநம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. கழுத்து இத்தனை டிகிரி பின்னால் சாய்ந்திருந்தால்தான் நாதம் நீண்டு ஒலிக்குமாம். சாய்வுக்காகக் கழுத்தடியில் ஒரு துண்டைச் செருகினால் வாத்தியமே ஊமையாகிவிடுமாம். இதைக் கேட்டு, கையிலிருக்கும் நல்ல கிதாரை விற்றுவிட்டுக் கடன்படுகிறார்களே பிள்ளைகள், அவர்களை நினைத்தால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

சாய்வு எதற்கு? தந்திகள் ஏறி நிற்கும் குதிரையின் உயரத்துக்காக. குதிரை உயரமென்றால் கழுத்து பின்னால் சாய வேண்டும்; இல்லாவிட்டால் தந்தி மெட்டுக்களை விட்டு எழும்பி நிற்கும். ஒரு டிகிரி சாய்வு, பத்து அங்குலத் தூரத்தில் சுமார் நாலரை மில்லிமீட்டர் வித்தியாசம் செய்யும். எந்தத் தச்சனுக்கும் தெரிந்த கணக்கு இது. மந்திரமில்லை.

கணக்குத் தப்பினால் என்ன ஆகும்? அமெரிக்காவில் கிப்ஸன் கம்பெனி 1952-ல் வெளியிட்ட லெஸ் பால் கிதாரைப் பாருங்கள். கழுத்தின் சாய்வு போதவில்லை. ஆகவே தந்திகளைக் குதிரைச் சட்டத்தின் அடியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். உள்ளங்கையால் தந்தியை அடக்கி வாசிப்பது கஷ்டமாயிற்று. 1953-ல் சாய்வைக் கூட்டினார்கள். தந்திகள் சட்டத்தின் மேலே ஏறின. தீர்ந்தது தொல்லை.

ஃபெண்டர் கம்பெனியாரோ கழுத்தைச் சாய்க்காமலே நான்கு திருகாணிகளால் முடுக்கினார்கள். உயரம் சரிப்படாதபோது, 1950-களிலும் 1960-களிலும் தொழிற்சாலையிலேயே மெல்லிய துண்டைச் செருகி அனுப்பியதும் உண்டு. அந்தப் பழைய கிதார்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களே, புதுக் கிதாரில் அதே துண்டைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள்! 1970-களில் சாய்வைத் திருத்துவதற்கென்றே ஒரு திருகாணியை அந்தக் கம்பெனி வைத்தது.

சாய்ந்த கழுத்தில் தந்தி உடலைவிட்டு உயர்ந்து நிற்கும், கைக்கு வித்தியாசம் தெரியும் என்பது வாஸ்தவம். குதிரைமேல் தந்தி அழுந்திப் படியாவிட்டால் கரகரக்கும் என்பதும் வாஸ்தவம். ஆனால் ஒலிபெருக்கிக்குப் போவது, காந்தத்துக்கு மேலே தந்தி அதிர்வதால் பிறக்கும் மின்சாரம். காந்தத்தை ஏற்றவும் இறக்கவும் திருகாணி இருக்கிறது. கை அறிந்த வித்தியாசத்தைக் காது அறிந்ததாகச் சொல்லி விலையை ஏற்றுவதைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

தம்பி, குதிரையை முழுவதும் இறக்கியும் தந்தி தாழவில்லையா? கிதாரை விற்க ஓடாதே. ஒரு திருப்புளியும் ஒரு மெல்லிய மரச் சீவலும் போதும்.