அந்த மாதங்களுக்கு யார் பொறுப்பு?

புற்றுக்கட்டி ஓரிரு மில்லிமீட்டரைத் தாண்டி வளர அதற்கென்று ரத்த ஓட்டம் வேண்டும். அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971-இல் இதை எழுதியபோது பலர் நம்பவில்லை. இன்று மருத்துவ மாணவர்களுக்கு இது பாடம். பிராணவாயு போதாத புற்றணுக்கள் வி.இ.ஜி.எஃப். என்ற புரதத்தைச் சுரக்கின்றன. பக்கத்து ரத்த நாளங்கள் கட்டியை நோக்கிக் கிளைவிடுகின்றன. அதே குடும்பத்துப் புரதங்கள் நிணநீர் நாளங்களையும் வளர்க்கின்றன. மார்பகப் புற்று பெரும்பாலும் முதலில் அக்குளின் நிணநீர் முடிச்சுகளை எட்டுவது இந்த நாளங்கள் வழியாகத்தான்.

ஆரம்பத்தில் இதில் எதுவும் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத கட்டிக்காக யார் ஒருநாள் கூலியை விடுவார்கள்? மகளுக்குப் பரீட்சை, மாமியாருக்குக் கண் ஆபரேஷன், ஆண் டாக்டர் முன்னால் கூச்சம் என்று மாதங்கள் ஓடிவிடுகின்றன. இதைப் பெண்ணின் அலட்சியம் என்பது அநியாயம். அவரை மருத்துவரிடம் போகவிடாமல் வைத்திருப்பது வீடும் வேலையிடமும்தான்.

பிறகு மருந்து பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. நாள வளர்ச்சியைத் தடுக்கும் பெவாசிசுமாப் மருந்துக்கு, பரவிய மார்பகப் புற்றில் தந்திருந்த அனுமதியை அமெரிக்கா 2011-இல் திரும்பப் பெற்றது. அந்த மருந்து நோயாளிகளின் ஆயுளை நீட்டியதாக நிரூபணமாகவில்லை.

பலன் தந்த வழி எளியது. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை சுமார் ஒன்றரை லட்சம் பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டாண்டுக்கொருமுறை கையால் பரிசோதித்த பிரிவில், 50 வயதைத் தொட்டவர்களிடையே மார்பகப் புற்று மரணம் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. மாமோகிராம் இல்லாமலே கிடைத்த பலன் இது.

ஆகவே கணவரும் பிள்ளைகளும், "போய்ட்டு வா" என்று சொல்வதோடு நிற்காமல் கூடவே போகட்டும். ஆலை முதலாளி சம்பளம் பிடிக்காமல் அரை நாள் தரட்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சந்தேகம் எழுந்தால் அன்றே பயாப்ஸிக்குத் தேதி குறிக்க வேண்டும். அந்தத் தேதியில் அவர் வராவிட்டால் மறுநாள் பணியாளர் வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. அந்தப் பணியாளர்களின் கால்கள் இந்தப் பெண்களின் வாசலுக்கும் போக முடியும்.