மணலின் மேல் ஏற்றப்படும் பழி: பைபர் படகுகளின் தரமும் உத்தரவாதமும்

தமிழகக் கடற்கரையில் கட்டுமரத்தின் இடத்தைப் பெருமளவு எடுத்துக்கொண்டது பைபர் படகு. கண்ணாடி இழை விரிப்புகளை ரெசின் எனப்படும் செயற்கைப் பிசினில் நனைத்து, அச்சுக்குள் அடுக்கடுக்காகப் படியவைத்து இறுகச் செய்வதே அதன் கட்டுமுறை. இத்தகைய படகு சில பருவங்களுக்குள்ளேயே விரிசல் கண்டு, உரிந்து, பட்டறைக்குத் திரும்பும்போது, கட்டியவர்களிடம் ஆயத்தமாக ஒரு விளக்கம் இருக்கிறது. மீனவர்கள் படகை மணலில் இழுத்துத் தேய்க்கிறார்கள், உப்புநீர் அதை அரிக்கிறது, விலையைக் குறைக்கச் சொன்னவர்களும் அவர்களே, தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு உத்தரவாதம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்பதே அவ்விளக்கம். பலமுறை சொல்லப்பட்டதனாலேயே படகுக்காரர்களில் பலரும் இதை நம்பத் தொடங்கியிருப்பதுதான் வருந்தத்தக்கது. ஏனெனில் இதன் எந்தப் பகுதியும் ஆய்வுக்கு நின்று பிடிப்பதில்லை.

மணலில் இழுப்பது முரட்டுக் கையாளல் என்று சொல்பவர்கள், சோழமண்டலக் கரையின் பெரும்பகுதியில் படகு ஒதுங்கத் துறைமுகமே இல்லை என்பதையும், அலை உடையும் திறந்த கரையில் அன்றாடம் ஏறி இறங்குவதே அப்படகின் வேலை என்பதையும் மறந்துவிடுகிறார்கள். 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், 1980களில் இக்கரைகளுக்கென்றே அலையைக் கடந்து மணலில் ஏறும் படகுகளை வடிவமைத்துச் சோதித்தது. எனவே மணலின் உராய்வு, படகு கட்டுபவர் எதிர்பாராத விபத்தன்று. ஏரா எனப்படும் அடிக்கட்டையிலும் அதை ஒட்டிய அடிப்புறத்திலும் கூடுதல் அடுக்குகளை வைத்து, தேய்ந்தால் மாற்றக்கூடிய பட்டையையும் பொருத்தி அவர் முன்கூட்டியே கணக்கில் கொள்ள வேண்டிய நிபந்தனை. மேலும், மணலால் வரும் தேய்மானம் வெளிப்புறத்திலிருந்து உள்நோக்கிச் செல்லும். மேற்பூச்சு போய் இழைகள் மயிர்போல வெளியே தெரியும். குறுக்குப் பலகை உடலோடு சேரும் மூலையிலும், எஞ்சின் அமரும் மேடையைச் சுற்றியும், மணலே தொடாத மேல்விளிம்பிலும் தோன்றும் விரிசலுக்கு மணலைக் காரணம் காட்ட முடியாது.

உப்புநீர் பற்றிய வாதம் இதைவிடப் பலவீனமானது. படகின் வெளிமுகத்தில் ஜெல்கோட் என்ற, ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள, இழை சேராத பிசின் பூச்சு இருக்கும். நெடுநாள் நீரில் நிற்கும் படகில் இப்பூச்சின் வழியே நீர் மெல்ல ஊடுருவி, சரியாக இறுகாத பிசினிலுள்ள கரையும் பொருள்களோடு கலந்து, அடர்த்தி மிகுந்த கரைசலாகி, மேலும் நீரை உள்ளே இழுத்துக்கொண்டு கொப்புளமாக உப்பும். இதுவே சவ்வூடு பரவலால் வரும் கொப்புளம். இவ்விளைவு உப்புநீரைவிட நன்னீரிலேயே விரைவாக நிகழும் என்பதால், உப்பைக் குற்றவாளியாக்குவது அறிவியலைத் தலைகீழாக நிறுத்துவதாகும். நாள்தோறும் கரையேறி வெயிலில் உலரும் படகில் கொப்புளம் தோன்றுமானால், கடலைவிட முதலில் ஐயத்திற்குரியது பட்டறைதான்: விரிப்பு முழுதும் நனையாமல் விடப்பட்ட வறண்ட இழைகளும், உருளையால் அழுத்தி வெளியேற்றப்படாத காற்றுக் குமிழிகளும், குறைவாக இறுகிய பிசினுமே அங்கே தேடப்பட வேண்டியவை.

பிசின் இறுகுவதற்கு அதன் எடையில் பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு வரை வினையூக்கி சேர்க்க வேண்டும். கோடை வெப்பத்தில் கலவை கைக்கு வருமுன்பே கட்டியாகிவிடுகிறது என்பதற்காக வினையூக்கியை இவ்வளவுக்கும் கீழே குறைத்தால், வெளியே கெட்டியாகத் தோன்றும் பிசின் உள்ளே முழுமையாக இறுகாமலே நின்றுவிடும். வெப்பத்திற்கேற்ற பிசினை வாங்குவதும், விடியற்காலையில் வார்ப்பதும் இதற்கு முறையான தீர்வுகள். இரண்டுமே கட்டுபவரின் கையில் உள்ளவை. இழை அடுக்கில் ஒன்றைக் குறைத்தாலும், சுண்ணத்தூளைக் கலந்து பிசினைப் பெருக்கினாலும், வண்ணம் பூசிய பிறகு எந்தக் கண்ணுக்கும் அது தெரியாது. மரப்படகு வாங்குபவர் பலகையைத் தட்டியும் கணுவைப் பார்த்தும் ஓரளவு மதிப்பிட முடிந்தது. பைபர் படகின் தரமோ அச்சிலிருந்து எடுக்கும் நாளிலேயே மூடி முத்திரையிடப்பட்டுவிடுகிறது. வாங்குபவரால் பார்க்கவே முடியாத ஒன்றுக்கு அவரையே பொறுப்பாக்குவது நியாயமாகாது.

ஆனால் ஆய்வுக்கூடத்தால் அதைப் பார்க்க முடியும். படகிலிருந்து எடுத்த சிறு துண்டை உலையில் எரித்தால் பிசின் எரிந்து போய்க் கண்ணாடி இழை எஞ்சும். கையால் அடுக்கப்படும், நறுக்கிய இழை விரிப்பாலான படகில், அவ்விழை எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு இருக்க வேண்டும், அடுக்குகளையும் எண்ணிவிடலாம், எஞ்சிய தூள் அமிலத்தில் நுரைத்தால் சுண்ணத்தூளும் வெளிப்படும். இச்சோதனையைச் செய்யாமலே பராமரிப்புக் குறை என்று தீர்ப்புச் சொல்லும் பட்டறை, தன் வழக்கில் தானே நீதிபதியாக அமர்கிறது.

விலையைக் குறைக்கச் சொன்னவர்கள் மீனவர்களே என்ற வாதத்திற்கு நீண்ட மறுப்பு தேவையில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் தொண்டு நிறுவனங்கள் வழங்கிய படகுகளுக்கு விலை பேசியவர்கள் அவற்றில் கடலுக்குப் போனவர்கள் அல்லர். தேவை ஒரே நேரத்தில் குவிந்தபோது போதிய பயிற்சியில்லாத பட்டறைகளும் முளைத்தன. மேலும், குறைந்த விலைக்கு ஒப்புக்கொள்பவர் சிறிய படகுக்கோ எளிய பொருத்துகளுக்கோ ஒப்புக்கொள்கிறாரே தவிர, சொல்லாமல் குறைக்கப்படும் அடுக்குக்கு அன்று.

தொழிலுக்கு வாங்கியதால் உத்தரவாதம் கேட்க முடியாது என்பது சட்டத்தைப் பாதி மட்டும் படிப்பதால் வருவது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கில் வாங்குபவரை விலக்குவது உண்மையே; ஆயினும் சுயதொழில் செய்து பிழைப்பதற்கென்றே வாங்கித் தாமே பயன்படுத்துபவரை நுகர்வோராகவே அது கொள்கிறது. 1995இல் லட்சுமி என்ஜினீயரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், இயந்திரம் வாங்கிய நிறுவனத்தின் கோரிக்கையை ஏற்கவில்லையெனினும், தாமே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ ரிக்‌ஷா வாங்குபவர் நுகர்வோரே என்றும், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்நிலை மாறாது என்றும் விளக்கியது. தாமே கடலுக்குப் போகும் ஒற்றைப் படகுக்காரரின் நிலை இதனின்று வேறுபட்டதன்று. பல படகுகளை ஆள் வைத்து நடத்துபவர்களுக்கு இவ்விளக்கம் பொருந்தாமல் போகலாம். அவர்களுக்கும் 1930ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம், சொல்லி வாங்கிய பயன்பாட்டிற்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற உட்கிடையான நிபந்தனையைத் தருகிறது.

2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோராகக் கொள்ளப்படும் படகுக்காரர் தாம் வாழும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். ஆய்வின்றிக் குறையைத் தீர்மானிக்க முடியாத பொருளின் மாதிரியை ஆணையமே ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பலாம். குறை உறுதியானால் பழுதை நீக்கவோ, பொருளை மாற்றித் தரவோ, பணத்தைத் திருப்பவோ ஆணையிடலாம். ஆயினும் வழக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும் என்ற வரம்பு இருக்கிறது. அடுத்த மாதம் ஆள் அனுப்புகிறோம், பருவம் முடியட்டும் என்று பட்டறை தரும் வாய்மொழித் தவணைகள் கரைத்துவிடுவது இந்த இரண்டு ஆண்டுகளைத்தான். ஆகையால் முதல் விரிசலை நாளிட்ட படத்தோடு எழுத்தில் அறிவிப்பதும், வாங்கும்போதே அடுக்குகளின் எண்ணிக்கை, பிசினின் வகை, வார்த்த நாள் ஆகியவற்றைப் பட்டறையின் கையொப்பத்தோடு பெறுவதும், படகில் துளையிடும்போது வெட்டியெடுக்கப்படும் வட்டத்துண்டைப் பத்திரப்படுத்துவதும் படகுக்காரர்களின் வழக்கமாக வேண்டும். அத்துண்டு ஒன்றிலேயே அடுக்குகள் அத்தனையும் தெரியும்.