தாலி ஏறினால் வேலை இல்லையாம்!

திருத்தணி மலைக்கு முகூர்த்த நாளில் போய்ப் பார்த்தவர்களுக்கு நாம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முருகன் வள்ளியை மணந்த இடம் இதுவென்று புராணக்காரர்கள் சொல்லி வைத்திருப்பதால், தமிழ்ப் பக்கத்தாரும் ஆந்திரப் பக்கத்தாரும் அங்கு வந்து தாலி கட்டிக்கொண்டு 365 படியும் இறங்கிப் போகிறார்கள். தாலி ஏறிய பெண் மகாலட்சுமியாம். எதிரே வந்தால் நல்ல சகுனமாம். சரி, அந்த மகாலட்சுமி மறு மாதம் பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூருக்கு வேலை கேட்கப் போனால் அவளுக்கு என்ன மரியாதை நடக்கிறது என்பதே நாம் இங்கு பேச வந்த சங்கதியாகும்.

அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனிக்கு ஐபோன் பூட்டித் தருகின்ற பாக்ஸ்கான் என்னும் தைவான் கம்பெனியின் பெரிய ஆலை ஸ்ரீபெரும்புதூரில் இருக்கின்றது. அங்கு கை வேலை செய்வோரில் பெரும்பாலோர் பெண் மக்கள். அந்த ஆலையில் கலியாணமான பெண்களை வேலைக்குச் சேர்க்காமல் ஒதுக்குகிறார்கள் என்று 2024 ஜூன் மாதத்தில் ராய்ட்டர் செய்தி நிறுவனம், ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகளையும் கம்பெனியிலேயே ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவர்களையும் விசாரித்து எழுதிற்று. அவர்கள் சொன்ன காரணங்கள் என்ன? குடும்பப் பொறுப்பு, பிள்ளைப்பேறு, அடிக்கடி லீவு. அதோடு, தாலியும் மெட்டியும் வேலைக்கு இடைஞ்சலாம்!

கம்பெனியார் இதை மறுத்தார்கள். புதிதாக எடுத்த ஆட்களில் சுமார் 25 சதவிகிதம் கலியாணமான பெண்கள் என்றும், உலோக நகை கூடாதென்பது ஆண் பெண், எம்மதத்தார் என்ற பேதமின்றி எல்லோருக்கும் உள்ள விதி என்றும் சர்க்காருக்குச் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. மெய்யாகவே இருக்கட்டும். நகை கூடாதென்றால் கழற்றி வைக்கச் சொன்னால் தீர்ந்தது. கழுத்தைப் பார்த்து ஆளையே திருப்பி அனுப்புவதற்கும் நகை விதிக்கும் என்ன சம்பந்தம்? அன்றியும், ஐபோன் அதிகமாகச் செய்ய வேண்டிய காலத்தில் ஆள் பற்றாமல் போனால் இந்தத் தடை தானாகத் தளர்ந்துவிடுகிறதென்று அதே செய்தியில் கண்டிருக்கிறதே! ஆர்டர் குவிந்தால் மட்டும் பிள்ளைப்பேறும் மெட்டியும் இடைஞ்சலாகாமல் போவது எப்படி?

பிள்ளைப்பேற்றைச் செலவுக் கணக்கில் காட்டுவதும் பித்தலாட்டமேயாகும். இ.எஸ்.ஐ.யில் சேர்ந்த தொழிலாளிக்குப் பேறுகாலப் பணம் கொடுப்பது இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனே தவிர முதலாளி அல்ல.

இனி, குடும்பப் பொறுப்பு என்கின்ற பெரிய காரணத்திற்கு வருவோம். நான்கு பிள்ளை பெற்ற ஆண் பிள்ளை வேலை கேட்டுப் போனால், “குடும்பஸ்தன், பொறுப்பானவன்” என்கிறார்கள். ஒரு பிள்ளை பெற்ற பெண் போனால், “குடும்பம் இருக்கிறதே, எப்படி வருவாய்?” என்கிறார்கள். இருவருக்கும் இருப்பது ஒரே குடும்பந்தானே! இரண்டு பெண்சாதி கட்டிய முருகனுடைய உத்தியோகத்திற்கு இன்றுவரை ஒரு குறைவும் வரவில்லை. அடுப்பும் தொட்டிலும் பெண்ணுக்கே என்று சாஸ்திரக்காரன் விதித்தான். அதை அப்படியே எடுத்துக்கொண்டு, தைவான் முதலாளியும் அமெரிக்க முதலாளியும் லாபக் கணக்குப் போடுகிறார்கள். இதற்கு ‘நவீனத் தொழில்’ என்று பெயர்!

இளம் பெண்கள், ஹாஸ்டலில் அடைத்து வைத்தால் சொன்னபடி கேட்பார்கள் என்கின்ற எண்ணமும் இதில் இருக்கிறதென்றே நமக்குத் தோன்றுகிறது. அதுவும் பலிக்கவில்லை. 2021 டிசம்பரில் அந்த ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியில் சாப்பாடு விஷமாகி 250 பேருக்கு மேல் நோயில் விழ, 159 பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மற்றப் பெண்கள் பெங்களூர் ரோட்டையே மறித்தார்கள். விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் யோக்கியமாயில்லை என்று ஆப்பிள் கம்பெனியே பிறகு ஒப்புக்கொண்டது.

சட்டம் என்ன செய்கிறது? ஆள் எடுப்பதில் ஆண் பெண் பேதம் கூடாதென்று 1976-ம் வருஷத்துச் சட்டம் சொல்லிற்று. அதன் இடத்திற்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்லுகிறது. ஆனால், கலியாணமானவளா ஆகாதவளா என்று பார்த்துத் தனி முதலாளி தள்ளுவதைப் பற்றி இரண்டும் வாய் திறக்கவில்லை. சர்க்கார் உத்தியோகத்தின் யோக்கியதையும் பெரிதல்ல. கலியாணம் செய்துகொண்ட குற்றத்திற்காக 1988-ல் ராணுவ நர்ஸ் ஒருவரை வெளியே அனுப்பினார்கள். அது தப்பு, 60 லட்ச ரூபாய் கொடு என்று சுப்ரீம் கோர்ட்டு சொன்னது 2024-ல். 36 வருஷம்!

நமது தோழர்களில் சிலர், “தாலியைக் கழற்றி எறிந்துவிட்டுப் போனால் வேலை கிடைக்குமே” என்று கேட்கலாம். கிடைக்காது. தாலியில்லாத கலியாணமும் செல்லும் என்று 1967-ல் சட்டமாயிற்று. அப்படி மணந்த பெண் போனாலும், “கலியாணம் ஆயிற்றா?” என்றுதான் கேட்பான். பொய் சொன்னால் உள்ளே, மெய் சொன்னால் வெளியே. மானத்தோடு கழற்றுவது வேறு, சோற்றுக்குப் பயந்து மறைப்பது வேறு. 1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் பெண்ணுக்குச் சொத்தும் உத்தியோகமும் வேண்டுமென்று தீர்மானம் செய்தோம். ஆனால், அத்தீர்மானத்தைக் கைதட்டி வரவேற்கின்ற நம்மவர்களிலேயே, கலியாணமான மறு நாள் மருமகளின் வேலையை நிறுத்துகின்றவர்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால், பாக்ஸ்கானை வைய நமக்கு எவ்வளவு வாய் மிஞ்சும்?

2024 ஆகஸ்டில் அக்கம்பெனித் தலைவர் நேரில் வந்து, கலியாணமான பெண்களின் உழைப்பைப் புகழ்ந்து பேசிப் போனார். நவம்பரில், வேலை விளம்பரங்களில் வயதும், ஆண் பெண் என்பதும், கலியாணமும் குறிக்கக் கூடாதென்று ஏஜெண்டுகளுக்கு உத்தரவாயிற்று என்றும் செய்தி வந்தது. விளம்பரத்தில் எடுத்தது சரி. நேரில் வாயால் கேட்பதை யார் தடுப்பது? ஆகவே, திருத்தணி, பள்ளிப்பட்டு, அரக்கோணம் பக்கத்துப் பெண் மக்களுக்கு நாம் சொல்வது இதுதான். எந்த ஏஜெண்டாவது, “கலியாணம் ஆயிற்றா?” என்று கேட்டுத் திருப்பி அனுப்பினால், அந்தக் காரணத்தைக் காகிதத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரும்படி கேளுங்கள். தரமாட்டான். கேட்ட தேதியையும் இடத்தையும் அவன் பேரையும் குறித்துக்கொண்டு, தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு மனு எழுதிப் போடுங்கள். கூடப் போன புருஷனும் அதில் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும்.