விடைத்தாளும் வீட்டுக்கு வரட்டும்

தேர்வில் பிள்ளை எத்தனை மதிப்பெண் பெற்றது என்பதைப் பெற்றோருக்குத் தெரிவிக்க நமது பள்ளிகள் தவறுவதில்லை. எந்தக் கேள்வியில் இழந்தது, ஏன் இழந்தது என்பதைத் தெரிவிக்கத்தான் தயங்குகின்றன. முன்னேற்ற அறிக்கை வீட்டுக்கு வருகிறது. தந்தையின் கையெழுத்தையோ கைநாட்டையோ பெற்றுக்கொண்டு திரும்பிச் செல்கிறது. திருத்தப்பட்ட விடைத்தாளோ, பல பள்ளிகளில் ஒரு பாடவேளை மட்டும் மாணவர் கையில் இருந்துவிட்டு, எண்ணிச் சரிபார்க்கப்பட்டு அலமாரிக்குள் போய்விடுகிறது. கணக்கில் 38 என்று அறிக்கை சொல்லும். பின்னத்தில் தடுமாற்றமா, கேள்வியையே புரிந்துகொள்ளவில்லையா என்று அது சொல்லாது.

இந்தத் தயக்கத்துக்கு அந்தமானின் சாத்தம் போன்ற ஓரிடத்தில் விலை அதிகம். 1883-இல் தொடங்கப்பட்ட மர அறுவை ஆலையால் பெயர் பெற்ற சின்னஞ்சிறு தீவு அது. 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேருடன் ஒரு பாலத்தால் இணைந்தது. எதிர்க்கரையான பாம்பூ பிளாட்டுக்குப் படகு புறப்படும் துறையும் அங்கேதான். துறைமுகத்தையும் படகையும் கடலையும் நம்பிப் பிழைக்கும் குடும்பங்களில், பெற்றோர் கூட்டத்துக்காக ஒரு முற்பகலை ஒதுக்குவது எளிதன்று. ஒதுக்கினால் அன்றைய கூலி போகும். தாய் தந்தையரால் பள்ளிக்குப் போக முடியாத வீட்டுக்கும் விடைத்தாள் வந்து சேரும். பிள்ளையின் புத்தகப்பையில் அதற்கு இடமுண்டு.

தீவுகளின் மக்கள்தொகையில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 15 சதவீதம். ஆங்கிலம், இந்தி, வங்காளம், தமிழ், தெலுங்கு எனப் பல பயிற்றுமொழிகளில் அங்கே வகுப்புகள் நடக்கின்றன. பிள்ளை ஒரு மொழியில் படிக்க, பெற்றோர் வேறு மொழியில் எழுதப் படிக்கும் வீடுகள் அங்கு இயல்பானவை. 'விடைத்தாளை அனுப்பினால் மட்டும் அவர்களுக்கு விளங்கிவிடுமா?' என்று கேட்போர் உண்டு. மொழி தெரியாத தாய்க்கும் கணக்கில் விழுந்த சிவப்புக் கோடு தெரியும். எழுதாமல் விடப்பட்ட பக்கமும் தெரியும். பக்கத்து வீட்டுக் கல்லூரி மாணவியிடம் காட்டிக் கேட்கவும் தெரியும். 38 என்ற வெறும் எண்ணை யாரிடம் காட்டி என்ன கேட்பது?

இது பள்ளியின் வசதியைப் பொறுத்த சில்லறைப் பிரச்னை என்று இனியும் ஒதுக்கிவிட முடியாது. சட்டமன்றம் இல்லாத யூனியன் பிரதேசங்களில், கல்வி உரிமைச் சட்டத்தின்படி, 'உரிய அரசு' மத்திய அரசே. 2024 டிசம்பரில் அந்த அரசு வெளியிட்ட திருத்த விதிகள் 5, 8-ஆம் வகுப்புகளில் 'கட்டாயத் தேர்ச்சி' முறைக்கு முடிவு கட்டின. ஆண்டுத் தேர்வில் தவறும் பிள்ளைக்குக் கூடுதல் பயிற்சி தரப்படும். முடிவு வெளியான இரண்டு மாதங்களுக்குள் மறுதேர்வு. அதிலும் தவறினால் அதே வகுப்புதான். தமிழகம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்துவதில்லை என்பதில் உறுதியாக நிற்கிறது. அப்படி மறுத்துச் சொல்லும் சட்டமன்றம் அந்தமான் தமிழருக்கு இல்லை.

அந்த விதிகளில் கவனிக்க வேண்டிய ஒரு வரி உண்டு. நிறுத்திவைக்கப்பட்ட பிள்ளைக்கும், தேவைப்பட்டால் பெற்றோருக்கும், வகுப்பாசிரியர் வழிகாட்ட வேண்டும் என்கிறது அது. பிள்ளை தோற்ற பிறகுதான் பெற்றோர் நினைவு வருகிறது; அதுவும் 'தேவைப்பட்டால்'! 2009-ஆம் ஆண்டின் மூலச் சட்டம் இதைவிடத் தெளிவானது. பெற்றோரை முறையாகச் சந்தித்து, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், முன்னேற்றம் ஆகியவற்றை எடுத்துரைப்பது ஆசிரியரின் கடமை என்று அதன் 24-ஆவது பிரிவு கூறுகிறது. ஜூலையில் நடந்த தேர்வின் தாளை ஆகஸ்டில் பார்த்த தாய்க்கு, ஏப்ரலில் வரும் தோல்வி இடியாக இறங்காது. தடுக்கவும் அவகாசம் இருந்திருக்கும்.

பள்ளித் தேர்வுகள் சிறியவை, அவற்றின் தாள்களுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் எதற்கு என்பாரும் உளர். 2021-ஐ அவர்கள் மறந்துவிட்டனர். கொரோனாவால் பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வை ரத்து செய்த சிபிஎஸ்இ, 80 மதிப்பெண்ணைப் பள்ளித் தேர்வுகளிலிருந்தே கணக்கிட்டது: பருவத் தேர்வுக்கு 10, அரையாண்டுக்கு 30, மாதிரிப் பொதுத் தேர்வுக்கு 40. அலமாரியில் கிடந்த தாள்கள் ஒரே நாளில் பிள்ளைகளின் எதிர்காலமாயின. அவற்றை ஒருமுறைகூடக் கண்டிராத பெற்றோர், வந்த மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்திருக்க முடியும்?

பொதுத் தேர்வைப் பொறுத்தவரை இந்த வாதம் என்றோ முடிந்துவிட்டது. திருத்தப்பட்ட விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் தேர்வெழுதியவருக்கு உரிமை உண்டு என்று, ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. திருத்துபவரின் நம்பிக்கைக்குரிய ரகசியம் என்ற சிபிஎஸ்இயின் வாதத்தை நீதிபதிகள் ஏற்கவில்லை. திருத்தியவரின் பெயரை மட்டும் மறைத்துக்கொள்ள அனுமதித்தனர். ஆக, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் தில்லி வாரியத்திடமிருந்து தமது தாளைப் பெறலாம். ஐந்தாம் வகுப்புச் சிறுமியின் அரையாண்டுக் கணக்குத் தாளைக் காண அவளுடைய தந்தை என்ன செய்வது? அரசுப் பள்ளி என்றால் 10 ரூபாய் கட்டித் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். பக்கத்துக்கு 2 ரூபாய். பதில் வர 30 நாள்! அதற்குள் அடுத்த தேர்வே வந்துவிடும்.

ஆசிரியர்களின் அச்சத்தை அடியோடு புறந்தள்ளுவதற்கில்லை. அரை மதிப்பெண்ணுக்காக வாசலில் வந்து நிற்கும் பெற்றோர் எங்கும் உண்டு. ஆய்வுக்கு வரும் அதிகாரி தாள்களைக் கேட்டால், தொலைத்த மாணவரைக் கை காட்ட முடியாது. இவற்றைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சிவப்பு மையைக் கண்டதும் பெல்ட்டைக் கழற்றும் தந்தையர் இன்னும் இருக்கின்றனர். அத்தகைய வீட்டுக்குத் தாளை அனுப்புவது அடிவாங்க அனுப்புவதாகும் என்று அக்கறையுள்ள ஆசிரியர்களே சொல்கின்றனர். ஆயினும் மதிப்பெண் அட்டை ஏற்கெனவே அந்த வீட்டுக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறது? அடிக்கிற கைக்கு எண் ஒன்றே போதும். என்ன செய்தால் பிள்ளை தேறும் என்ற ஆசிரியரின் இரண்டு வரிக் குறிப்போடு, தர வரிசை இல்லாமல், மூடிய உறையில் விடைத்தாள் சென்றால், அந்தக் கை ஒருவேளை தயங்கக்கூடும். அப்படியும் ஆபத்துள்ள வீடு எது என்பது வகுப்பாசிரியருக்குத் தெரியும்; அந்தப் பெற்றோரை நேரில் அழைத்துக் காட்டலாம்.

நாற்பது பிள்ளைகளுக்குக் குறிப்பு எழுத நேரம் எங்கே என்ற கேள்வி நியாயமானது. கணக்கெடுப்பு, தேர்தல் பணி, ஓயாத படிவங்கள் என்று ஆசிரியரின் நேரத்தைத் தின்னும் வேலைகளில் இரண்டைக் குறைத்தால் அந்த நேரம் கிடைக்கும். திருத்தும் தாளைப் பெற்றோரும் பார்ப்பார் என்ற எண்ணம் இருந்தால் திருத்தமும் சற்று நிதானமாகும். இதை நல்லாசிரியர் யாரும் அவமானமாகக் கொள்ளமாட்டார்.

இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. விடைத்தாள் மூன்று நாள் வீட்டில் இருந்து, பெற்றோர் ஒப்பத்துடன் திரும்ப வேண்டும் என்று தீவுகளின் கல்வித் துறை ஒரு சுற்றறிக்கை விடலாம். அது தாமதமானால், அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும் என்று 21-ஆவது பிரிவு விதித்திருக்கிறது. அடுத்த பருவத் தேர்வுக்கு முன் கூடும் குழுவிலேயே அவர்கள் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம்.