மலை ரயிலில் ஏறுமுன் 1891ஐப் படியுங்கள்

விடுமுறை வந்தால் மாணவர் குழுக்கள் மேட்டுப்பாளையத்தில் கூடிவிடுகின்றன. காலை ரயிலைப் பிடித்தால் மதியம் ஊட்டி. மாலையில் பஸ் பிடித்துக் கீழே இறங்கிவிடலாம். 'உயிரே' படத்தில் ஷாருக் கான் கூரைமேல் ஆடிய ரயில் என்று ஆளுக்கொரு செல்ஃபி. பயணம் நல்லதுதான். ஆனால் அந்த 46 கிலோமீட்டரை வெறும் காட்சியாகப் பார்த்துவிட்டு வருவதில் எனக்கு உடன்பாடில்லை.

நமக்குச் சொல்லப்படும் வரலாறு இது: 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். செங்குத்தான இடத்தில் 12 அடிக்கு ஓரடி ஏற்றம். சறுக்காமல் ஏற உதவும் பல்சக்கர முறைக்கு சுவிஸ் பொறியாளர் ரோமன் ஆப்ட் பெயர். 2005இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம். சரி, பாறை உடைத்தவர்கள், கல் சுமந்தவர்கள் யார்? இந்தக் கதையில் அவர்களில் ஒருவருக்கும் பெயரில்லை.

பாதை வேலை தொடங்கிய 1891, அம்பேத்கர் பிறந்த ஆண்டு. அதே ஆண்டு, இதே நீலகிரியில், அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபை மாநாட்டைக் கூட்டினார். கல்வி, அரசு வேலை, பொது நீர்நிலைகளில் உரிமை ஆகியவை தீர்மானங்களாயின. பின்னாளில் 'பறையன்' இதழ் நடத்தி, அம்பேத்கரோடு வட்டமேசை மாநாட்டில் அமர்ந்த இரட்டைமலை சீனிவாசனும் ஊட்டியில் கணக்கராக வேலை பார்த்தவர்தான்.

ஏன் மலையில்? ஊர், சேரி என்று பிரித்துவைத்த சமவெளியின் பிடி, புதிதாக முளைத்த மலை நகரங்களில் சற்றுத் தளர்ந்திருந்தது. உழைப்புக்குக் காசு கிடைத்தது. பண்ணையாரைக் கேட்காமல் கூட்டம் போட முடிந்தது. அந்த இடைவெளியில்தான் நம் அரசியல் வேர்விட்டது என்பது என் வாசிப்பு.

அதற்காக மலையைச் சொர்க்கமாக்க வேண்டாம். ஜன்னலில் தெரியும் தேயிலைப் பச்சைக்குப் பின்னால், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து பெயர்த்து அனுப்பப்பட்ட மக்களின் உழைப்பும் இருக்கிறது. அவர்களைக் கேட்டு அந்த ஒப்பந்தம் போடப்படவில்லை.

தோழர்களே, மேலேறக் கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் ஆகும். அதில் ஒரு மணி நேரம் அயோத்திதாசரை வாசியுங்கள். இறங்கியதும் தோட்டத் தொழிலாளர் ஒருவரிடமாவது கூலி என்ன, வீடு யார் பெயரில் என்று கேளுங்கள். ஊட்டி ரயில் நிலையத்தில் 1891 மாநாட்டுக்கும், பாதை போட்ட கூலிகளுக்கும் ஒரு கல்வெட்டு வைக்கக் கோரி மனு எழுதுங்கள். பாரம்பரியம் என்றால் அதில் நம் பங்கும் எழுதப்பட வேண்டும்.