பூட்டவும் கூலி, திறக்கவும் கூலி

வீட்டுக்காரனைக் கேளாமலே அவன் வீட்டுச் சுவரில் ஒரு வாசலை வெட்டிவிட்டு, அதைச் சாத்தப் பத்து டாலர், மீண்டும் திறக்கப் பத்து டாலர் என்று கேட்பவனை என்ன பெயரிட்டு அழைப்பது? அமெரிக்காவில் அவனுக்குக் கடன் தகவல் நிறுவனம் என்று பெயர். ஒன்றல்ல, மூன்று: எக்விஃபாக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன்.

ஒருவர் வாங்கிய கடன், கட்டிய தவணை, தவறிய தவணை அனைத்தையும் திரட்டி அறிக்கையாக்கி வங்கிகளுக்கு விற்பதே இவற்றின் தொழில். அந்த மனிதர் இவற்றின் வாடிக்கையாளர் அல்லர், அவரே சரக்கு. அவருடைய அடையாள எண்ணைத் திருடியவன் அவர் பெயரில் கடன் கேட்டால், வங்கி இந்த அறிக்கையைப் பார்த்துத்தான் பணம் தரும். எனவே, அறிக்கையைப் புதிய கடன்காரர் எவருக்கும் காட்டாதபடி முடக்கிவைப்பதே திருட்டைத் தடுக்கும் எளிய வழி.

இந்த முடக்க உரிமையை 2001இல் கலிபோர்னியா முதலில் சட்டமாக்கியது. பிற மாநிலங்கள் பின்தொடர்ந்தன. ஆனால், ஒரு சில மாநிலங்கள் நீங்கலாக, பெரும்பாலான சட்டங்கள் கட்டணத்தையும் அனுமதித்தன. நிறுவனத்துக்குப் பத்து டாலர் எனில், மூன்றிலும் முடக்க முப்பது; வாடகை வீட்டுக்கோ கார் கடனுக்கோ தற்காலிகமாகத் திறக்க மேலும் செலவு. 2009 முதல் அந்நாட்டின் கூட்டரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர். தன் பெயரைத் தானே காத்துக்கொள்ள ஒரு தொழிலாளி நான்கு மணி நேரத்துக்கும் மேல் உழைக்க வேண்டியிருந்தது!

2017 செப்டம்பர் 7 அன்று எக்விஃபாக்ஸின் சாயம் வெளுத்தது. சுமார் 14.7 கோடி மக்களின் விவரங்கள் களவுபோயின. களவுக்குக் காரணமான மென்பொருள் ஓட்டைக்கு மார்ச் மாதமே திருத்தம் வெளிவந்திருந்தது. நிறுவனம் அதைப் பொருத்தவில்லை. மக்கள் கொதித்தெழுந்த பிறகே எக்விஃபாக்ஸ் முடக்கக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தது. மற்ற இரு நிறுவனங்களோ வசூலைத் தொடர்ந்தன. களவுக்கு அஞ்சிக் கதவடைக்க ஓடிய மக்களின் அச்சமே அவற்றுக்கு வருவாயாயிற்று.

2018 மே 24 அன்று கையொப்பமான சட்டம் அவ்வாண்டு செப்டம்பர் 21 முதல் முடக்கத்தை நாடெங்கும் இலவசமாக்கியது. தொலைபேசியிலோ இணையத்திலோ கேட்டால் ஒரு வேலைநாளில் முடக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் திறக்க வேண்டும். மக்கள் சினத்தின் வெற்றி இது. குறைத்து மதிப்பிட வேண்டாம். ஆனால், அது எந்தப் பொட்டலத்தில் வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் பெயர், பொருளாதார வளர்ச்சி, ஒழுங்குமுறை நிவாரணம், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். வெள்ளத்தில் வீடிழந்தோருக்கு நாம் வழங்கும் நிவாரணம் என்னும் சொல், இங்கே வங்கிகளுக்கு வழங்கப்பட்டது. கடுமையான மேற்பார்வைக்கு உட்பட வேண்டிய வங்கிகளின் சொத்து வரம்பு 5,000 கோடி டாலரிலிருந்து 25,000 கோடி டாலராக உயர்த்தப்பட்டது. டிரம்ப் கையொப்பமிட்டார், ஜனநாயகக் கட்சியினர் பலரும் ஆதரித்து வாக்களித்தனர். ஏறத்தாழ 20,900 கோடி டாலர் சொத்துடன் அந்தப் புதிய வரம்புக்குள் ஒதுங்கி நின்ற சிலிக்கன் வேலி வங்கி 2023 மார்ச்சில் கவிழ்ந்தது. மேற்பார்வைத் தளர்வும் ஒரு காரணம் என்று பெடரல் ரிசர்வின் ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டது. மக்களுக்குப் பத்து டாலர்; வங்கிகளுக்கு முழுக் கடிவாளமும்!

இலவசத்திலும் ஓட்டைகள் உண்டு. வேலைக்கு எடுப்போர், வீடு வாடகைக்கு விடுவோர், காப்பீட்டாளர் ஆகியோரை இந்தக் கூட்டரசு முடக்கம் தடுப்பதில்லை. இதைவிட வலுவான முடக்கச் சட்டத்தை மாநிலங்கள் இயற்றவும் தடை போடப்பட்டது. நிறுவனங்களோ முடக்கத்துக்குப் போட்டியாகப் 'பூட்டு' என்றொரு சேவையை விளம்பரப்படுத்துகின்றன. அவற்றுள் சில மாதக் கட்டணத்துக்கு விற்கப்படுகின்றன. அகராதியில் இரண்டும் அண்டைச் சொற்கள். வாழ்க்கையில் ஒன்று சட்டம் தந்த உரிமை. மற்றொன்று நிறுவனம் எழுதிய ஒப்பந்தம்.

கட்டணமின்றி முடக்க விட்டால் உடனடிக் கடன் தடைப்படும், வணிகம் தேங்கும் என்கிறார்கள். நொடியில் கடன் தரும் அவசரம் யாருடையது? வட்டி ஈட்டுவோருடையது. அந்த அவசரத்தின் ஆபத்தை மட்டும் ஏன் மக்கள் சுமக்க வேண்டும்?

இது அயல்நாட்டுக் கதை என்று ஒதுங்க இயலாது. அதே மூன்று நிறுவனங்களும் இந்தியாவிலும் தொழில் நடத்துகின்றன. சிபில் இன்று டிரான்ஸ்யூனியன் சிபில். ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். பிழையை முப்பது நாளுக்குள் திருத்தாவிட்டால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் இழப்பீடு. ரிசர்வ் வங்கி விதிகளால் கிடைத்த இவை வரவேற்கத்தக்கவை. ஆனால், இரண்டும் அறிக்கை கெட்ட பின்பே உதவுபவை. கெடுவதற்கு முன் கதவடைக்கும் உரிமையை 2005ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் குடிமக்களுக்குத் தரவில்லை. பொதுத்துறை வங்கி வேலைக்கான அறிவிக்கையிலும் கடன் வரலாறு கேட்கப்படும் காலத்தில், எவனோ வாங்கிய கடன் இளைஞர் ஒருவரின் வேலையையே பறித்துவிடும்.

ஆகவே, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்துக! முடக்கமும் திறப்பும் கட்டணமற்ற உரிமையாகட்டும். உரியவர் திறக்கும்வரை அறிக்கை மூடியே இருப்பது பொது விதியாகட்டும். வேலை தருவோர் கடன் வரலாற்றைக் கேட்பது தடைசெய்யப்படட்டும். முக்கியமாக, அமெரிக்க மக்களுக்கு நேர்ந்ததுபோல், இந்தச் சிறு உரிமையைக் காட்டி வங்கி முதலாளிகளுக்குப் பெருஞ்சலுகை கடத்தப்படாதபடி விழித்திருப்போம். வாசலை வெட்டியவனே அதைக் காக்கும் செலவையும் ஏற்கட்டும்.