சாயம் வெளுத்த சாட்சி

கறுப்பு வெள்ளைப் புகைப்படம் நேர்மையானது. நிறம் தன்னிடம் இல்லை என்பதை அது மறைப்பதில்லை. வண்ணப் படமோ, சாயம் வெளுத்த பின்னும் கண்ணால் கண்ட சாட்சி போலவே பேசும். அமெரிக்காவின் பழைய ரயில் எஞ்சின்களின் நிறத்தை ஆராயும் ஆர்வலர்கள் சறுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

பென்சில்வேனியா ரயில்வேயின் ஜிஜி1 மின்சார எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 1934 முதல் 1943 வரை 139 எஞ்சின்கள் கட்டப்பட்டன. ரேமண்ட் லோவி வகுத்த ஐந்து பொன்னிறக் கோடுகள் அவற்றின் அடையாளம். உடலின் நிறத்தைப் ‘பிரன்ஸ்விக் பச்சை’ என்பார்கள். ஆனால் அது கறுப்பில் சிறிது பச்சை கலந்தாற்போன்ற நிறம். அதே ரயில்வே 1950களில் சில ஜிஜி1களுக்கு டஸ்கன் சிவப்பு என்னும் செம்பழுப்பையும் பூசியது. குழப்பத்திற்கு வேறென்ன வேண்டும்?

வண்ணப் படச்சுருளில் சியான், மெஜந்தா, மஞ்சள் என மூன்று சாயங்கள் உண்டு. மூன்றும் ஒரே வேகத்தில் வெளுப்பதில்லை. 1950களின் எக்டாக்ரோம் ஸ்லைடுகள் பலவற்றில், இருட்டில் வைத்திருந்தும் சியான் மங்கிப்போய்ப் படம் முழுவதும் செம்மை ஏறிவிட்டது. அத்தகைய படத்தில் கரும்பச்சை எஞ்சின் செம்பழுப்பாகத் தோன்றக்கூடும். 1935இல் வந்து 2009இல் நிறுத்தப்பட்ட கோடாக்ரோம் இருட்டில் நன்றாகத் தாங்கும். புரொஜக்டரில் காட்டக் காட்ட விரைவில் வெளுக்கும்.

சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் பார்க்கும் மரபுடைய நமக்கு இச்சிக்கல் புதிதன்று. ஒரு பிரதியின் வரலாற்றை அறியாமல் அதன் பாடத்தை நாம் ஏற்பதில்லை. புகைப்படத்தையும் அவ்வாறே விசாரிக்க வேண்டும். எந்தப் படச்சுருள்? எங்கே வைத்திருந்தார்கள்? எத்தனை முறை திரையில் காட்டினார்கள்? நண்பகல் படத்தில் பனியோ வெள்ளைச் சட்டையோ இளஞ்சிவப்பாகத் தெரிந்தால், எஞ்சினின் நிறத்தையும் நம்பக்கூடாது. கணினியில் திருத்திக்கொள்ளலாமே என்பர். மறைந்த சாயத்தை ஊகத்தால் நிரப்புவதுதான் அத்திருத்தம்.

கோடுகள் எங்கே ஓடின, எழுத்துகள் எங்கே நின்றன என்பதற்குப் புகைப்படம் நல்ல சான்று. நிறத்தின் சாயலுக்கோ, ரயில்வேயின் வண்ணக் குறிப்புகளையும் மாதிரி அட்டைகளையும் எஞ்சினில் எஞ்சியுள்ள பழைய பூச்சு அடுக்குகளையும் முதலில் கேட்பதே முறை. இல்லையேல் வெளுத்த படத்தைப் பார்த்து ஒருவர் சிற்றுருவ எஞ்சின் செய்வார். அதையே சான்றாகக் காட்டி அடுத்தவர் இன்னொன்று செய்வார்.